சன்னாசி அண்ணன் ரோட்டால் வந்தார்

கடைக் கதவைப் பாதி உயர்த்தியிருந்தேன். தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி வந்து எதிரே நின்றது. டிரைவர் வேலு அந்த இடத்தில் லொறியை நிறுத்தினால் முதல் வேலையாக ஹோர்ன் அடிப்பான். பெல்மதுளைச் சந்தியில் பாதிப் பேருக்கு அந்தச் சத்தம்தான் அலாரம். அன்று அடிக்கவில்லை. இறங்கி வந்து, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து விட்டுக்கொண்டு என் முன்னால் நின்றான்.

“மொதலாளி, நம்ம குறுக்கு...” என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “நம்ம சன்னாசி அண்ணன் போயிட்டாருங்க. விடியக் கருக்கல்ல.”

இன்னாலில்லாஹி சொன்னேன். உயர்த்திய கதவை மறுபடி கீழே இழுத்தேன். எதிர்பார்த்திருந்த செய்திதான். எதிர்பார்த்த செய்தி அவ்வளவாக வலிக்காது என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னவர் யாரையும் பறிகொடுக்காதவராக இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் தோட்டத்துத் தப்பால்காரர். காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெல்மதுளை தபால் கந்தோருக்கு வருவார். தோட்டத்துக் கடிதங்களை வாங்கிக்கொண்டு போய், ஆபீசுக்கும் ஒவ்வொரு டிவிசனுக்கும் கால்நடையாகவே கொடுத்துவிட்டு வருவார். பெயர்தான் சன்னாசி; வீட்டில் பெண் பிள்ளைகள் மட்டும் ஐந்து. அதைச் சொல்லி நான் கேலி செய்யும்போதெல்லாம், “பேரு வச்சது எங்கப்பா, அவருக்கு வருங்காலம் தெரியலிங்க” என்பார். அவரைக் கடிதத்தோடு மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் ஓடுகிறவர் என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சீனி வருத்தம். இரத்தினபுரி டொக்டர் ஒருநாள் என் காலைப் பார்த்துவிட்டு, “நடக்காவிட்டால் இந்தக் கால் உங்களுடையதில்லை” என்று சொல்லிவிட்டார். மறுநாளே சுபஹு தொழுதுவிட்டுத் தோட்டத்து ரோட்டில் நடக்கத் தொடங்கினேன். நடந்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. முதல் ஏற்றத்திலேயே மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது கீழேயிருந்து வெறுங்காலோடு ஒருவர் ஓடி வந்தார். சாரத்தைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். என்னைக் கடந்து மேலே போனார். நான் எழுந்திருக்கும் முன்பே திரும்பி இறங்கி வந்து என் முன்னால் நின்றார்.

“என்னங்க மொதலாளி, வெலாசம் மாறி வந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து சேர்ந்துதான் போனோம். மொதலாளி என்று கூப்பிட வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். “கடை வச்சிருக்கிறவர மொதலாளின்னு கூப்பிடாம, டொக்டர்னா கூப்பிடுவாங்க?” என்று கேட்டுவிட்டார். அவர் எனக்கு மூத்தவர் என்பதால் நான் அண்ணன் என்றேன். கடைசிவரை அந்த இரண்டு சொற்களையும் நாங்கள் மாற்றவே இல்லை.

இளமையில், சித்திரை வருடப் பிறப்புக்குத் தோட்டத்தில் நடக்கும் விளையாட்டுப் போட்டிகளில் மரதன் ஓட்டத்தில் அவரை யாரும் முந்தியதில்லையாம். பரிசாகக் கிடைத்த பாத்திரங்களில்தான் முதல் குடித்தனமே நடத்தினேன் என்று அவருடைய மனைவி பாக்கியம் அக்கா சொல்வார். பிறகு பிள்ளை குட்டி, வேலை. ஆனாலும் காலையில் ஓடுவதை அவர் விடவில்லை. நாள் முழுக்க நடக்கிற மனிதன் விடியற்காலையில் எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டேன். “நடக்கிறது தோட்டத்துக்குங்க. ஓடுறது எனக்கு” என்றார்.

என் வேகத்துக்கு அவர் வரவே முடியாது. எனக்கு முன்னால் ஓடி அடுத்த வளைவில் நிற்பார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது குனிந்து காலில் அட்டை பிடுங்கிக்கொண்டிருப்பார். நமது பக்கத்தில் மழை பெய்தால் அட்டைக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் தரை காய்ந்து கிடக்கும் மாதத்திலும் ஒவ்வொரு வளைவிலும் அவர் காலில் அட்டை ஏறியது. எனக்காக நிற்கவில்லை, தன் காலுக்காக நிற்கிறார் என்று நான் நினைக்க வேண்டுமாம். பல மாதங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

தோட்டத்து ரோடு உங்களுக்குத் தெரியும். ஒரு மலையை நாலு தடவை சுற்றித்தான் மேலே போகும். வரிசை வீடுகளில் இருக்கும் லயத்து மனிதர்கள் யாரும் அந்த ரோட்டால் போவதில்லை. தேயிலைக்கு நடுவில் படி வெட்டியது போல ஒரு குறுக்குப் பாதை இருக்கும். கொழுந்துக் கூடையோடு போகிறவர்களும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், கோயிலுக்குக் கரகம் எடுப்பவர்களும் அதில்தான் ஏறி இறங்குவார்கள். “ரோடு லொறிக்கு, குறுக்கு மனுசனுக்கு” என்பது சன்னாசி அண்ணனின் வேதம். என்னையும் அதில் இழுத்துக்கொண்டு போய் ஒருநாள் என் சாரத்தைத் தேயிலைச் செடியில் கிழித்துவிட்டார்.

நுவரெலியாப் பக்கம் மலைரோட்டில் ஒரு மரதன் நடக்கிறது, யாரும் ஓடலாம் என்று கேள்விப்பட்டுச் சொன்னவன் நான்தான். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் அதை இரண்டு நாள் மனதில் வைத்திருந்துவிட்டு, “பேரு குடுக்கலாமாங்க?” என்று கேட்டார். என் வேனிலேயே போனோம். பாக்கியம் அக்கா ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக் கொடுத்தார். மேலே போகப் போகக் குளிர். பெல்மதுளை வெக்கையில் வளர்ந்த இருவருக்கும் பல் கிட்டியது. அந்த உயரத்தில் மூச்சை உள்ளே இழுத்தால் பாதிதான் வருகிறது என்று அவர் ஆச்சரியப்பட்டார். பாதையோ கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. மலை மலையாகத் தேயிலை, ஓரத்தில் நீர்வீழ்ச்சி, மேலே மூடுபனி. ஓட வந்த வெள்ளைக்காரர்கள் ஓடுவதற்கு முன்பே படம் எடுத்துத் தள்ளினார்கள். “நம்ம தேயிலதானேங்க, இவங்க இதுல என்னத்தப் பாக்குறாங்க?” என்று என் காதில் கேட்டார். கொஞ்ச நேரம் தானும் நின்று பார்த்தார். “ஆனா கொழுந்து எடுக்காம சும்மா நின்னு பாத்தா நல்லாத்தாங்க இருக்கு” என்றார்.

முடியும் இடத்தில் நான் காத்திருந்தேன். இளந்தாரிகள் சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே, வெறுங்காலோடு, நரைத்த தலையோடு சன்னாசி அண்ணன் வந்தார். நான் சத்தம் போட்டுக் கைதட்டியதில் பக்கத்தில் நின்ற பெண்மணி திடுக்கிட்டுவிட்டார். ஏற்பாட்டாளர்களுக்கும் ஆச்சரியம். இந்த வயதில் இவ்வளவு சீக்கிரமா என்று விசாரித்தார்கள். மேல் வளைவுகளில் நின்றவர்கள் இவரைப் பார்க்கவே இல்லை என்றார்கள். சன்னாசி அண்ணன் முகம் மலர்ந்து, தனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில், தானாகவே சொன்னார். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு குறுக்கு இருக்கிறது, கொழுந்துக்காரப் பெண்கள் இறங்கி வந்தார்கள், அதில் ஏறி வந்துவிட்டேன். அதோடு நிற்கவில்லை. “அடுத்த வருசம் எல்லாருக்கும் அந்த வழியக் காட்டிக் குடுங்க, பாவம், சுத்திக்கிட்டு வாராங்க” என்றும் சொன்னார்.

கூட்டம் சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அப்போது மேசைக்குப் பின்னால் இருந்த ஒருவர் சிரிக்காமல் ஒரு சொல் சொன்னார். ஹொரா. சிங்களத்தில் கள்ளன். சன்னாசி அண்ணன் நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத்தை ஒருவர் வந்து கழற்றிக்கொண்டு போனார். நான் மேசையடியில் போய்ச் சத்தம் போட்டேன். என்ன பேசினேன் என்பது இப்போது நினைவில்லை, நல்ல வார்த்தைகள் இல்லை என்பது மட்டும் நிச்சயம். சன்னாசி அண்ணன்தான் என் கையைப் பிடித்து வேனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் பெலிஹுல்ஓயா வந்துவிட்டது. ரொட்டிப் பொட்டலம் அவர் மடியில் பிரிக்காமலே இருந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். “இத்தன வருசத்துல ஒருத்தர் கவரையும் நான் பிரிச்சுப் பாத்ததில்லிங்க மொதலாளி. மணியோடர் வந்தா வீட்டு வாசல்ல வச்சுத்தான் பைய தெறப்பேன். என்னயப் போயி ஹொரான்னு சொல்லிட்டாங்களே.”

எங்கள் ஊரில் குறுக்கால் போகாதவன்தான் பைத்தியக்காரன். அங்கே போனவன் கள்ளன். இரண்டுமே அந்தந்த இடத்தில் சரிதான்.

கதை எங்களுக்கு முன்பே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வேலு மறுநாளே “குறுக்கு சன்னாசி” என்று பெயர் சூட்டிவிட்டான். வேலுவைக் குறை சொல்லக் கூடாது, அவன் தன் மாமியாருக்கே பட்டப்பெயர் வைத்தவன். பெயர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் இருந்து குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவம் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. சன்னாசி அண்ணன் வெளியே சிரிப்பார். என்னிடம் மட்டும், “அடுத்த வருசம் முழுக்க ரோட்டால ஓடிப் போயி, அந்த மேசைக்கிட்ட நின்னு சொல்லணுங்க, ரோட்டாலதான் வந்தேன்னு” என்றார். கிடைக்காமல் போன மெடலைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசவில்லை.

அதன் பிறகு அவர் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். குறுக்குப் பாதையையே விட்டுவிட்டார். காலையில் ஓடும்போது மட்டுமல்ல, தப்பால் பையோடு போகும்போதும் ரோட்டைச் சுற்றியே போனார். கடிதம் நேரம் கழித்து வருகிறது என்று மேல் டிவிசன்காரர்கள் முறைப்பாடு செய்தார்கள். எதற்கு இந்தத் தண்டனை என்று நான் கேட்டேன். “தண்டன இல்லிங்க. மனசு சொன்னா கேக்குது, கால் கேக்க மாட்டேங்குது. குறுக்கப் பாத்தா அதுவா திரும்புது. காலப் பழக்கணும்” என்றார். லயத்துப் பெண்கள் குறுக்கில் இறங்கி வந்து, ரோட்டில் போகும் அவரைப் பார்த்து வாய் பொத்திச் சிரித்ததை நானே கண்டிருக்கிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு ரோட்டோரமாகவே போவார்.

அந்த வருடக் கடைசியில் எனக்குப் பெரிய சந்தோசம் ஒன்று வந்தது. நான் அவரோடு சமமாக ஓடத் தொடங்கினேன். வளைவில் அவர் எனக்காக நிற்பதில்லை. இருவரும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தோம். வீட்டில் மனைவியிடம் பெருமையடித்தேன். சீனியும் இறங்கியிருந்தது. அவருக்கு வயிற்றில் வலி என்பதையும், சாப்பாடு இறங்குவதில்லை என்பதையும் அவர் பாக்கியம் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. நான் வேகமாகிவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் அவர்தான் மெதுவாகிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது முறை நானும் பெயர் கொடுத்தேன். முடிந்த மட்டும் போவது, முடியாவிட்டால் உட்கார்ந்துவிடுவது என்பது என் திட்டம். பாதி தூரத்துக்கு முன்பே எல்லோரும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். மூடுபனி இறங்கியது, பின்னால் மழையும் வந்தது. ஓட்டம் நடையாகிவிட்டது. அவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கேட்டதற்கு, “சம்பல் ஒத்துக்கல” என்றார். பின்தங்கியவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வேன் பக்கத்தில் வந்து நின்றது. ஏறச் சொன்னார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு அதை அனுப்பிவிட்டார். வளைவுகளில் நின்றவர்களும் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தப் பாலம் வந்தது. பக்கத்தில் அதே குறுக்குப் படி. மழைக்கு வேலையை நிறுத்திவிட்டுக் கொழுந்துக்காரப் பெண்கள் படங்குச் சீலையால் தலையை மூடிக்கொண்டு இறங்கி வந்தார்கள். எங்கள் கோலத்தைப் பார்த்து ஒரு பெண் இரக்கப்பட்டாள்.

“அண்ணே, இந்தப் பக்கமா ஏறிப் போங்க. சுருக்கா போயிறலாம்.”

எனக்கு அது வானத்திலிருந்து வந்த குரல். “வாங்க அண்ணன், போதும்” என்றேன். “ஒருத்தருமே இல்ல. பார்க்க ஆளில்லாத இடத்தில யாருக்காகச் சுத்தணும்?”

அவர் அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வலியில் முகம் கோணியிருந்தது. பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னார். “தெரியும் தங்கச்சி. இன்னைக்கு ரோட்டால போறேன்.” என்னிடம் திரும்பி, “நீங்க வேணும்னா குறுக்கால போயி மேல நில்லுங்க மொதலாளி. உங்கள யாரும் ஒண்ணும் சொல்லலையே” என்றார். கோபம் இல்லை, உண்மையாகவே என் முழங்காலை நினைத்துத்தான் சொன்னார். நானும் ரோட்டாலேயே நடந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது பதாகையைக் கழற்றியிருந்தார்கள். மேசையும் இல்லை, அந்த ஆளும் இல்லை. ஒரு மனிதர் மட்டும் நனைந்த கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சன்னாசி அண்ணன் நேராக அந்த மனிதரிடம் போனார். சாரத்தை இறக்கிவிட்டு, நிமிர்ந்து நின்று, ஒரு வருடமாக மனதில் வைத்திருந்ததைச் சிங்களத்தில் சொன்னார்: “மஹத்தயா, அபி பாரென்மயி ஆவே.” ஐயா, நாங்கள் ரோட்டாலேயேதான் வந்தோம்.

அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் கதிரையோடு எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு “ஹொந்தாய், ஹொந்தாய்” என்று சொல்லி, மிஞ்சிக் கிடந்த வாழைப்பழச் சீப்பைப் பிய்த்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். நல்லது, நல்லது. அவ்வளவுதான். நான் பொருமினேன். சன்னாசி அண்ணன் லொறி மறைவில் உட்கார்ந்து பழத்தை உரித்துக்கொண்டு, “விடுங்க மொதலாளி. சொல்லிட்டேன்ல” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கட்டி என்றார்கள். பிறகு கொழும்புக்கு அனுப்பினார்கள், பிறகு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். நோன்பு மாதம் அது. நோன்பு திறந்துவிட்டு லயத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். ஓடிய கால்கள் இரண்டும் குச்சியாய்க் கிடந்தன. பாக்கியம் அக்கா அவற்றைத் தடவிக்கொண்டே இருப்பார். கடைசியாக நான் போனபோது அண்ணன், காலையில் நடக்கப் போகிறேனா என்று மட்டும் கேட்டார். போகிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை. “தனியாத்தானே?” என்றார்.

அடக்கத்தன்று தோட்டமே திரண்டிருந்தது. பெல்மதுளைக் கடைக்காரர்களும் வந்திருந்தார்கள். பெண்கள் லயத்துக் கோடியோடு நின்றுவிட, தப்பு மேளம் முழங்க ஆண்கள் பாடைத் தேரைத் தூக்கினார்கள். நமது தோட்டத்தில் மயானத்துக்கு எப்போதும் குறுக்குப் பாதையால்தான் கொண்டு போவது. ரோட்டால் போனால் மலையைச் சுற்ற வேண்டும். மழையும் கறுத்துக்கொண்டு நின்றது. தப்புக்காரர்கள் வழக்கம்போலக் குறுக்கில் ஏறிப் பாதி தூரம் போய்விட்டார்கள். முன் கொம்பைத் தூக்கியிருந்தவன் வேலு. குறுக்கு பிரியும் இடத்தில் அவன் கால் நின்றுவிட்டது.

“குறுக்கால வேணாம்” என்றான். “ரோட்டாலயே தூக்குங்க.”

“மழ வருதுடா, சுத்திக்கிட்டுப் போனா நனைஞ்சிருவோம்” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

“நனைவோம். அவரு ரோட்டாலதான் வந்தாரு. ரோட்டாலயே போவட்டும்” என்று வேலு சொன்னான். தப்புக்காரர்கள் தேயிலைக்குள்ளிருந்து திரும்பி இறங்கி வந்து முன்னால் சேர்ந்துகொண்டார்கள். அத்தனை வளைவையும் சுற்றி, மழையில் நனைந்து, ரோட்டாலேயே கொண்டு போனோம். ஒரு வளைவில் நானும் தோள் கொடுத்தேன். பாரமே தெரியவில்லை. மனிதர் அவ்வளவு மெலிந்திருந்தார்.

அவர் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. என்னிடம் இருப்பது அந்த மலைரோட்டின் கடைசிப் பகுதி மட்டும்தான். மழை, பனி மூடிய தேயிலை, பக்கத்தில் அவர் மூச்சு வாங்கும் சத்தம். எனக்கு முழங்கால் வெடித்தது. ஒவ்வொரு வளைவு வரும்போதும், இதுதான் கடைசியா என்று அவரைக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர், “இன்னும் ஒண்ணு இருக்குங்க மொதலாளி” என்றார். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது, எப்போது முடியும் என்று ஏங்கினேன். இப்போது விடியற்காலையில் தோட்டத்து ரோட்டில் தனியாக நடக்கிறேன். கடைசி வளைவு வந்ததும் நின்றுவிடுகிறேன். இன்னும் ஒன்று இருக்கிறது என்று அவர் ஒரு தடவை சொன்னால் போதும், எவ்வளவு தூரமானாலும் நடப்பேன்.